‘பார்ஸ் ஆகலண்ணா’: எக்ஸ்பாட்டின் பழைய கேள்விகள்

ஒரு கோப்பு பார்ஸ் ஆகும், இல்லையென்றால் ஆகாது. எங்கள் தொழிலில் நடுவில் ஒன்றும் கிடையாது.

எங்கள் தொழில் என்று நான் சொல்வது, வெளிநாட்டு ஆய்விதழ்களின் கட்டுரைகளைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் உட்கார்ந்து பக்கமாக்கி, டேக் போட்டு, எக்ஸ்எம்எல் கோப்பாகத் திருப்பி அனுப்புவதை. சாஃப்ட்வேர் என்றதும் தரமணிக் கண்ணாடிக் கட்டடங்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அச்சுக்கோப்புக் கூடத்திலிருந்து வளர்ந்து வந்த எங்கள் கூட்டத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. மூன்று ஷிப்ட் ஓடும். டேக் போடுகிறவர்கள் ஒரு ஹாலில், சரிபார்க்கிறவர்கள் அடுத்த ஹாலில், ஸ்கிரிப்ட் எழுதும் நாங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறையில். 2000-களின் தொடக்கத்தில் நான் அங்கே சேர்ந்தபோதிருந்து அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் சொன்னது இதைத்தான்: “அண்ணா, பார்ஸ் ஆகல.”

அப்படி ‘ஆகாது’ என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது எக்ஸ்பாட். எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்துப் பிரித்துத் தரும், சி மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறிய திறந்த மூல லைப்ரரி. நாங்கள் எழுதியதெல்லாம் பெர்ல்தான். ஆனால் பெர்லின் எக்ஸ்எம்எல் பார்ஸர் தொகுதிக்கு அடியில் எக்ஸ்பாட் இருந்தது. அந்தத் தொகுதியின் முதல் வடிவத்தை எழுதியவர் பெர்லை உருவாக்கிய லாரி வால். அவருக்குப் பின் அதை எடுத்து வளர்த்தவர் கிளார்க் கூப்பர். ஃபயர்ஃபாக்ஸுக்குள் எக்ஸ்பாட் இருக்கிறது, பைத்தானுக்குள் இருக்கிறது, அப்பாச்சி சர்வரும் அதைப் பயன்படுத்துகிறது. அதன் பெயரைக் கேள்விப்படாதவர் கணினியிலும் ஏதாவது ஒரு மூலையில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வரிப் பதில் எப்போதும் உண்டு. அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். “ஏண்ணா இப்படி வச்சிருக்காங்க?” என்று யாராவது நின்று கேட்டால்தான் சிக்கல். நிரலைத் திறந்து காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த வருஷம், யார், எதற்குப் பயந்து அப்படி முடிவெடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லியே இந்தச் சரித்திரம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

1969-இல் ஐபிஎம்மில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் ஜிஎம்எல் என்ற குறிமொழியை உருவாக்கினார்கள். அது வளர்ந்து எஸ்ஜிஎம்எல் ஆகி, 1986-இல் ஐஎஸ்ஓ 8879 என்ற எண்ணோடு உலகத் தரமானது. பெரிய பதிப்பகங்களும் ராணுவத் துறைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அதற்கு முழுமையான ஒரு பார்ஸர் எழுதுவது தலையைத் தின்னும் வேலை. முடிக்கும் டேக்கை விட்டுவிடலாம், சில இடங்களில் தொடக்க டேக்கையே விட்டுவிடலாம், குறிகளையே கூட மாற்றிக்கொள்ளலாம் என்று அத்தனை சலுகைகள் அதில். அந்த வேலையைச் செய்து முடித்த மிகச் சிலரில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க். இங்கிலாந்துக்காரர். யூனிக்ஸ்காரர்கள் ஆவணம் அச்சிடப் பயன்படுத்தும் குரூஃப் அவர் எழுதியது. பிறகு எஸ்ஜிஎம்எல்எஸ், எஸ்பி என்று இரண்டு எஸ்ஜிஎம்எல் பார்ஸர்களைக் கொடுத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நேரத்தில் எங்கள் சரிபார்ப்பு ஹாலில் ஓடிக்கொண்டிருந்ததும் அந்த எஸ்பிதான்.

1996-இல் சன் நிறுவனத்தின் ஜான் போசக் தலைமையில் டபிள்யூ3சி அமைப்பு ஒரு குழுவைக் கூட்டியது. எஸ்ஜிஎம்எல்லின் சலுகைகளை வெட்டியெறிந்துவிட்டு, வலைக்கு ஏற்ற எளிய வடிவம் ஒன்றை உருவாக்குவது அதன் வேலை. கிளார்க் அதன் தொழில்நுட்பத் தலைவர். எக்ஸ்எம்எல் என்ற பெயரைச் சொன்னவரும் அவரே. 1998 பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் 1.0 வெளிவந்தது. அதே வருஷம் கிளார்க் எக்ஸ்பாட்டை வெளியிட்டார். மோசில்லா அதை எடுத்துக்கொண்டது.

அப்போது அவர் குடியிருந்தது பாங்காக்கில். எக்ஸ்பாட்டின் உரிம வாசகத்தில் இன்றைக்கும் முதலில் நிற்கும் பெயர் ‘தாய் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் சென்டர்’. நல்ல நிரல் எல்லாம் கலிஃபோர்னியாவில்தான் பிறக்கும் என்று நினைத்துக்கொண்டு வரும் பையன்களுக்கு அந்த வரியை மெனக்கெட்டுத் திறந்து காட்டுவேன். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். முதல் கேள்வி எப்போதும் கோபத்தில்தான் வரும். அறுநூறு பக்கக் கோப்பில் ஒரே ஒரு டேக் மூடவில்லை, அதற்காக மொத்தத்தையும் தூக்கியெறிவானா? ஹெச்டிஎம்எல் என்றால் உலாவி எப்படியாவது சமாளித்துக் காட்டிவிடுமே?

அந்தச் சமாளிப்பைப் பார்த்துப் பயந்ததால்தான் இந்த விதியே வந்தது. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் தப்பான ஹெச்டிஎம்எல்லையும் எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று போட்டி போட்டன. ஒன்று மன்னித்ததை மற்றதும் மன்னித்தாக வேண்டும். இல்லையென்றால் வாசகர் உலாவியையே மாற்றிவிடுவார். மன்னிப்புக்கான நிரல் உலாவிக்குள் மலையாகக் குவிந்தது. 1997-இல் எக்ஸ்எம்எல் குழுவில் இதைப் பற்றிக் கடுமையான வாக்குவாதம் நடந்தது. பிழை கண்டதும் நிறுத்தச் சொல்லும் விதிக்குக் கொடுங்கோன்மை விதி என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் அந்த விதிதான் ஜெயித்தது: இலக்கணப் பிழை ஒன்று கண்ணில் பட்டால், அதற்குப் பின் வருவதை வழக்கம்போலக் கொடுத்துக்கொண்டு போகக் கூடாது. எங்கள் தொழிலுக்கு அது பெரிய உபகாரம். லண்டனில் இருக்கும் வாடிக்கையாளருக்கும் எங்களுக்கும் நடுவில் வாய்ச்சண்டைக்கு இடமே இல்லாமல் போயிற்று. அங்கே ஓடும் பார்ஸரும் இங்கே ஓடும் பார்ஸரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்லும்.

இதன் வாலாக இன்னொரு கேள்வி தவறாமல் வரும்: “பாதி டேட்டாபேஸ்ல ஏறிடுச்சு, அப்புறம்தான் எரர் காட்டுது.” எக்ஸ்பாட் முழுக் கோப்பையும் படித்து முடித்துவிட்டுப் பேசுவதில்லை. படிக்கப் படிக்க, டேக் திறந்தது, எழுத்து வந்தது, டேக் மூடியது என்று உங்கள் நிரலைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே போகும். பிழையைக் காணும்வரை சொன்னதெல்லாம் சொன்னதுதான், அதை அது திரும்ப வாங்கிக்கொள்ளாது. கடைசிவரை பிழையில்லாமல் வந்தது என்று தெரிந்தபின் டேட்டாபேஸில் ஏற்றுவது உங்கள் பொறுப்பு. அது காட்டும் வரி எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பொருந்தாத டேக் ‘கண்ணில் பட்ட’ வரி அது. மூட மறந்த இடம் நூறு வரி மேலே இருக்கலாம்.

அடுத்த கேள்வியை நான் ‘நெல் காணாமல் போன கேஸ்’ என்று சொல்வேன். வேளாண்மை இதழ் ஒன்றின் கட்டுரைத் தலைப்பு ‘நெல்லும் கரும்பும்’ என்ற பொருளில் நடுவே ஆம்பர்சண்ட் (&) போட்டு இருந்தது. தலைப்புப் பட்டியலில் வந்து விழுந்ததோ கரும்பு மட்டும். ஸ்கிரிப்டை எழுதிய பெண் நல்ல புத்திசாலி. இரண்டு நாள் தேடிவிட்டு வந்தாள். அவள் நிரலில் பிழை என்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. டேக்குக்குள் இருக்கும் எழுத்து வந்ததும் அதை ஒரு மாறியில் வைக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் எக்ஸ்பாட் அந்தத் தலைப்பை மூன்று தவணையாகக் கொடுத்திருக்கிறது: நெல், ஆம்பர்சண்ட், கரும்பு. ஒவ்வொரு தவணையும் முந்தியதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மாறியில் வைக்காதே, அதன் வாலில் சேர்த்துக்கொண்டே போ, டேக் மூடும்போது எடுத்துக்கொள் என்பது ஒரு வரிப் பதில்.

ஏன் மொத்தமாகக் கொடுக்கவில்லை? மொத்தமாகக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்துகளை வேறிடத்தில் நகலெடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும். டேக்குக்குள் இருப்பது பத்து எழுத்தா பத்து லட்சம் எழுத்தா என்று முன்கூட்டித் தெரியாது. கிளார்க் எழுதிய காலத்தில் நினைவகம் விலை கூடிய சரக்கு. வேகமும் அவருக்கு முக்கியம். அதனால் கோப்பு யூடிஎஃப்-8ஆக இருந்தால், நீங்கள் கொடுத்த இடையகத்திலேயே (பஃபர்) ‘இங்கிருந்து இத்தனை பைட்’ என்று விரலை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஆம்பர்சண்ட் கோப்பில் ஐந்து எழுத்துக் குறியீடாகக் கிடக்கிறது. அதற்கு விரல் நீட்டினால் தப்பாகப் போகும், ஆகவே தனித் தவணை. வரி முடிவு விண்டோஸ் கோப்பில் இரண்டு பைட். எக்ஸ்எம்எல் விதிப்படி அது ஒன்றாக மாற வேண்டும், ஆகவே அதுவும் தனித் தவணை. இடையகம் தீர்ந்த இடத்திலும் வெட்டு விழும். விரல் நீட்டும் இடத்தில் சி மொழியின் வழக்கப்படி முடிவுக்குறியான சுழியும் இருக்காது. நீளத்தைப் பார்க்காமல் படித்தால் அடுத்த டேக்கையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் இதில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு யூனிகோட் குறியை எக்ஸ்பாட் நடுவில் உடைக்காது. ஆனால் ‘கி’ நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடுக்கு இரண்டு குறி, யூடிஎஃப்-8இல் ஆறு பைட். ககரம் ஒரு தவணையிலும் இகரக் குறி அடுத்த தவணையிலும் வர வாய்ப்பு உண்டு. வந்த தவணையில் எத்தனை தமிழெழுத்து என்று எண்ணினால் கணக்குத் தப்பும்.

‘முதல் வரியில் ஒரு வெற்று வரி இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?’ இது வலைப்பக்க நிரலர்கள் கேட்பது. எக்ஸ்எம்எல் அறிவிப்பு கோப்பின் முதல் பைட்டிலேயே தொடங்க வேண்டும். கோப்பு எந்த என்கோடிங்கில் இருக்கிறது என்று அறிவிப்பு சொல்லும், ஆனால் அந்த அறிவிப்பைப் படிக்கவே என்கோடிங் தெரிந்தாக வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, முதல் நான்கு பைட்டைப் பார்த்து ஊகிக்கும் முறையை எக்ஸ்எம்எல் தரத்தின் பின்னிணைப்பிலேயே எழுதி வைத்தார்கள். அங்கே வெற்று வரி கிடந்தால் ஊகம் கெடும். அவர்களே கேட்கும் இன்னொரு கேள்வி, இடைவெளிக்கான என்பிஎஸ்பி குறியீட்டை எக்ஸ்பாட் ஏன் ஏற்பதில்லை என்பது. காரணம் இன்னும் எளிது: அது ஹெச்டிஎம்எல்லின் சொத்து. எக்ஸ்எம்எல்லுக்கு என்று பிறவியிலேயே உள்ள குறியீடுகள் ஐந்துதான். மற்றவற்றைக் கோப்பின் அமைப்பைச் சொல்லும் டிடிடியில் அறிவிக்க வேண்டும், எக்ஸ்பாட் வெளியில் இருக்கும் டிடிடியைத் தானாகப் போய்ப் படிக்காது. டிடிடி சொன்னபடி கோப்பு இருக்கிறதா என்று சோதிப்பதும் அதன் வேலை இல்லை.

பைத்தானில் படித்தால் டேக் பெயருக்கு முன்னால் நெளிவு அடைப்புக்குள் ஒரு நீள முகவரி ஒட்டிக்கொண்டு வருகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி சொல்வேன்: 1999 ஜனவரி 14. பெயர்வெளி (நேம்ஸ்பேஸ்) விதிகள் அன்றுதான் வந்தன, எக்ஸ்எம்எல் வந்து பதினோரு மாதம் கழித்து. அதனால்தான் எக்ஸ்பாட்டில் பெயர்வெளி இன்றும் கேட்டு வாங்க வேண்டிய வசதியாக இருக்கிறது. கேட்காவிட்டால் முன்னொட்டு எழுதியபடியே வரும். அந்த அடைப்புக்குறி எழுத்துமுறைக்கும் கிளார்க்கின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

தமிழ்க் கோப்புகளின் கதை தனி. தமிழ் இதழ் ஒன்றின் பழைய இதழ்களை எக்ஸ்எம்எல்லாக்கும் வேலை ஒரு சமயம் வந்தது. தட்டச்சு ஆகியிருந்தது திஸ்கி என்கோடிங்கில். யூனிகோட் பரவுவதற்கு முன் இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிக்கொண்ட எட்டுபிட் முறை அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று வேறு இரண்டு முறைகளும் இருந்தன. எக்ஸ்பாட்டுக்கு இவை எதுவும் தெரியாது. பிறவியிலேயே அதற்குத் தெரிந்தவை யூடிஎஃப்-8, யூடிஎஃப்-16, ஆஸ்கி, ஐஎஸ்ஓ-8859-1 என்ற நான்குதான்.

என்கோடிங் சொல்லாமல் திஸ்கி கோப்பைக் கொடுத்தால், யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படித்து, முதல் தமிழெழுத்திலேயே ‘இன்வேலிட் டோக்கன்’ என்று நின்றுவிடும். அது நல்லது. ஷிப்டில் இருந்த யாரோ ஒருவர் வேலை நகர வேண்டும் என்று மேலே ஐஎஸ்ஓ-8859-1 என்று எழுதிவிட்டார். கோப்பு அழகாகப் பார்ஸ் ஆனது. ஒவ்வொரு தமிழ் பைட்டும் ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தாகவோ குறியாகவோ மாறி, பிழையில்லாத எக்ஸ்எம்எல்லாக வெளியே வந்தது. எங்கள் வேதவாக்கான ‘பார்ஸ் ஆகும், ஆகாது’ அங்கே செல்லாக்காசு. இலக்கணம் சரியா என்றுதான் பார்ஸர் பார்க்கும், சொன்னது உண்மையா என்று பார்க்காது.

தெரியாத என்கோடிங்கை எக்ஸ்பாட்டுக்குக் கற்றுக்கொடுக்க வழி இருக்கிறது. 256 கட்டம் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுக்கலாம்: இந்த பைட்டுக்கு இந்த யூனிகோட் குறி. இதைப் படித்துவிட்டு, திஸ்கிக்கும் ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்று உற்சாகமாகக் கிளம்புவார்கள். நடக்காது. திஸ்கியில் ‘கு’ ஒரே பைட், யூனிகோடில் அது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு. ஒரு கட்டத்தில் ஒரு குறிதான் வைக்க முடியும். ‘கொ’ என்றால் இன்னும் மோசம். திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி ஒற்றைக் கொம்பு முதலில், பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம்தான் முதலில். ஒரு பைட்டைப் பார்த்து ஒரு குறி தரும் பட்டியல், எழுத்தை முன்பின் மாற்றித் தராது. ஆகவே திஸ்கியை முதலில் தனியாக யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகுதான் பார்ஸரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஒற்றை பைட் ஐரோப்பிய எழுத்துகளையும் பல பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற கிழக்காசிய முறைகளையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 1998-இல் அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மேலாளர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: வாடிக்கையாளருக்கு விற்கும் மூடிய மென்பொருளில் இதைச் சேர்க்கலாமா? தாராளமாக. முதலில் மோசில்லா உரிமத்தில் வந்தது, சீக்கிரமே எம்ஐடி வகை உரிமத்துக்கு மாறிவிட்டது. உரிம அறிவிப்பை எடுக்காமல் விட்டால் போதும். அந்த உரிம வாசகத்தைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை எக்ஸ்பாட் உரிமம் என்றே அழைக்கிறது.

2000-இல் ஜேம்ஸ் கிளார்க் பொறுப்பைக் கைமாற்றினார். கிளார்க் கூப்பர், ஃப்ரெட் டிரேக் ஆகியோர் எடுத்துக்கொண்டார்கள், பின்னர் கார்ல் வாக்லவெக்கும் சேர்ந்தார். 1.95 என்ற எண்ணிலேயே சில வருஷம் ஓடி, 2006-இல் 2.0 வந்தது. 2007-இல் 2.0.1. அதற்கு அடுத்த வெளியீடு 2012-இல். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் ஒரு வெளியீடும் இல்லை, ஆனால் அத்தனை வருஷமும் உலகம் முழுக்க உலாவிகளும் சர்வர்களும் அதை வைத்துக்கொண்டுதான் ஓடின. ‘வேலை செய்கிறதே, ஏன் தொட வேண்டும்?’ என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் எக்ஸ்பாட் சரித்திரத்தில் வெட்கப்பட வேண்டிய காலம் அதுதான், வெட்கப்பட வேண்டியவர்கள் அதைப் பராமரித்தவர்கள் அல்ல.

ஏனென்றால் பழைய முடிவுகளின் கடன் அப்போது வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. எஸ்ஜிஎம்எல் காலத்திலிருந்து வந்த ஒரு வசதி, குறியீட்டை நாமே அறிவித்துக்கொள்வது. பதிப்பகப் பெயரை ஓரிடத்தில் அறிவித்து ஆயிரம் இடத்தில் போடலாம். இதை வைத்து ஒரு குறும்பு உண்டு. ஒரு குறியீட்டுக்குள் இன்னொன்றைப் பத்து முறை, அதற்குள் மற்றொன்றைப் பத்து முறை என்று அடுக்கினால், ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு விரிந்து விரிந்து மூன்று ஜிகாபைட் அளவுக்குப் போய் சர்வரைப் படுக்க வைத்துவிடும். ‘நூறு கோடிச் சிரிப்பு’ என்று அதற்குப் பெயர். 2000-களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். பாதுகாப்புக் குறைபாடு என்று 2013-ஆம் ஆண்டு வரிசையில் எண்ணும் கொடுத்தார்கள். எக்ஸ்பாட்டில் உள்ளமைந்த தடுப்பு வந்தது 2021-இல், 2.4.0 பதிப்பில். செய்தவர் செபாஸ்டியன் பிப்பிங். விரிவு எட்டு மெகாபைட்டைத் தாண்டி, உள்ளே வந்ததைப் போல நூறு மடங்குக்கும் மேல் போனால் நிறுத்திவிடும். ‘நேற்று ஓடிய கோப்பு இன்று ஏன் ஓடவில்லை?’ என்ற புதுக் கேள்வி அன்று பிறந்தது. அந்த இரண்டு எல்லைகளையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது பதில். மாற்றுவதற்கு முன் கோப்பை யார் அனுப்பினார்கள் என்று பாருங்கள்.

2024 பிப்ரவரியில் 2.6.0 வந்தபோது இன்னொன்று. மிக நீளமான ஒரு டேக்கைத் துண்டு துண்டாக ஊட்டினால், ஒவ்வொரு துண்டுக்கும் எக்ஸ்பாட் அந்த டேக்கை முதலிலிருந்து மறுபடி படிக்கும். வேண்டுமென்றே அப்படி ஊட்டி ஒரு சர்வரை மூச்சுத் திணற வைக்கலாம். இதற்குத் தீர்வாக, போதிய அளவு புதிய பைட் சேரும்வரை மறுபடி படிப்பதை அது தள்ளிப்போடுகிறது. விளைவு, வலை இணைப்பில் சொட்டுச் சொட்டாக வரும் எக்ஸ்எம்எல்லைப் படிக்கிறவர்களுக்கு டேக் மூடிய பிறகும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. “பார்ஸர் தூங்குதுண்ணா” என்று எனக்கு வந்தது இதுதான். அந்தத் தள்ளிப்போடலை நிறுத்த ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் நம்பகமான இடத்திலிருந்து வரும் கோப்புக்கு மட்டும் நிறுத்துங்கள்.

எக்ஸ்பாட்டின் மாற்றப் பட்டியலைத் திறந்தால், புதுப் பதிப்பின் விவரத்துக்கு மேலேயே ஒரு அறிவிப்பு கண்ணில் படும்: ஆள் போதவில்லை, நிதியுதவி இல்லை. சென்னை, புதுச்சேரி அலுவலகங்களில் இந்த லைப்ரரியின் மேல் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய தலைமுறை என்னுடையது. இதைப் படிப்பவர் அப்படி ஒரு நிறுவனத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால், மாதத்தில் சில நாள் உங்கள் சி நிரலர் ஒருவரை அந்தத் திட்டத்துக்கு வேலை செய்ய விடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், உங்கள் சர்வர்களில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்றாவது நாளைக்குப் போய்ப் பாருங்கள். 2.4-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.